பத்மாவின் மூன்றாவது கட்டி

டாக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளி நர்சின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். வெள்ளைச் சேலை கட்டி வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. அங்கே ஒருத்திக்கு வந்த கட்டி என்னை மூன்று மாதம் யோசிக்க வைத்தது.

பக்கத்து வீட்டுக்காரி

பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டிருந்த ஒரு வீட்டு மருமகள் பத்மா. இருபத்திரண்டு வயசு இருக்கும். டாக்டரம்மா வருவதற்கு முன்பே வந்து, பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டியாம். இரண்டு தடவை வெட்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்ததில், கெடுதலான கட்டி இல்லை என்று வந்ததாம். இப்போது மூன்றாவது. மறுபடியும் வெட்டுவார்களா என்று தெரியவேண்டுமாம்.

"எந்தப் பக்கம்?" என்றேன். அவள் கை தானாக இடது மார்புக்குப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"அந்தப் பக்கத்து வூட்டுக்காரி நான்தான் சிஸ்டர்."

எந்த நெல்லிக்காய்?

மறுநாள் மாமியாரோடு வந்தாள். அந்த அம்மாளுக்குப் பயம். பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "எடுக்க எடுக்க வந்துக்கினே இருக்குது. அந்தப் பக்கத்தையே எடுத்துடுங்கம்மா," என்றார். பத்மாவுக்கு இன்னும் குழந்தை இல்லை. பிறந்தால் பால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று என் காதில் மட்டும் சொன்னாள். அதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். கட்டி விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. "முன்னே வந்த மாதிரிதான் தெரியுது. மூணு மாசம் பார்ப்போம். வளர்ந்தா எடுத்துடலாம்," என்றவர், என்னிடம் நெல்லிக்காய் அளவு என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் கேஸ் ஷீட்டில் கட்டிகளுக்கு அப்படித்தான் அளவு: பட்டாணி, கொட்டைப்பாக்கு, எலுமிச்சை. படித்தால் காய்கறிச் சீட்டு மாதிரி இருக்கும். பத்மா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"அருநெல்லியா, பெருநெல்லியா டாக்டரம்மா?"

மூன்று துண்டு நூல்

மூன்று மாதம் கழித்து வந்தவள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மூன்று துண்டு பட்டு நூல். மாதம் ஒரு தடவை கட்டியை இரண்டு விரலால் பிடித்து, அந்த இடைவெளியை நூலால் அளந்து வெட்டி வைத்திருக்கிறாள். எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லையே என்று நான் ஆச்சரியப்பட்டேன். டாக்டரம்மா நூல்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் ஒரே நீளம். மூன்றாவது நீண்டிருந்தது.

"வளர்ந்துடுச்சு பாருங்க!" என்றார் மாமியார். டாக்டரம்மாவும் ஆபரேஷன் நோட்டை எடுத்துவிட்டார். பத்மாவின் முகம் வெளுத்தது. இரண்டு மாதம் சும்மா இருந்த கட்டி திடீரென்று ஏன் வளர வேண்டும்? எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசி நூலை என்றைக்கு அளந்தாள் என்று கேட்டேன். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்றாள். மாமியார் உடனே குறுக்கிட்டார்:

"அதுக்கு மறுநாள்தானே இவ தீட்டுன்னு தறிப்பக்கம் வராம ஒக்காந்துக்கினா; மூணு நாளும் ஊடை நூலைத் தார்ல சுத்தினது நான்தானே!"

யார் சம்மதம்?

டாக்டரம்மா நோட்டை மூடினார். அந்த நாட்களுக்கு முன்னால் மார்பு வீங்கும், கட்டியும் பெரிதாகத் தெரியும் என்று விளக்கினார். அங்கேயே புதிதாக ஒரு நூலை எடுத்து அளந்தோம். முதல் நூலின் நீளம்தான். மாமியார் இரண்டு நூலையும் இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தார்.

"இப்பவே எடுத்தாலும் சரி. எடுக்காம, மாசாமாசம் தீட்டு முடிஞ்சு குளிச்சப்புறம் அளந்து பார்த்து, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாலும் சரி. கொஞ்சம் மாறினாலும் உடனே வரணும். உனக்கு எது வேணும் பத்மா?" என்றார் டாக்டரம்மா. முதல் ஆபரேஷனுக்கு அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டார், இரண்டாவதற்குப் புருஷன். அவள் மாமியாரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"எங்கிட்டயா கேக்குறீங்க? அப்போ வெட்ட வேணாம்மா."

கட்டியை வெட்டி எடுக்க எங்களுக்கு அரை மணி நேரம் போதும். வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை அவளிடமிருந்து எடுக்கத்தான் இரண்டு ஆபரேஷனும் மூன்று மாதமும் பிடித்தது.