ஃப்ரெண்டுக்குத்தான் மேடம் பிரச்சினை

கல்லூரியில் மனநல ஆலோசகர் வேலை என்றால், ஆள் வராவிட்டால் "இந்த வேலை எதுக்கு?" என்பார்கள், வந்தால் "காலேஜ் பேரு கெட்டுரும்" என்பார்கள். தென்காசிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் அந்த வேலையில் இருக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அறை

எனக்குக் கொடுத்த அறை கேன்டீனுக்கு நேர் எதிரே. உள்ளே யார் நுழைந்தாலும் டீ குடிக்கிற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். முதல் வாரம் ஒரு பெண் வாசல்வரை வந்தாள். என்னைப் பார்த்தாள், கேன்டீனைப் பார்த்தாள், "லைப்ரரி எங்க மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் ஆண்டு மாணவி அவள். வேறு அறை கேட்டு முதல்வரிடம் போனேன்.

"எதிர்லயே இருந்தாத்தானம்மா நாலு பேருக்குத் தெரியும்."

கூட்டம்

வெளியே சாரல், அரங்கத்துக்குள் மனநல விழிப்புணர்வுக் கூட்டம். தனக்கு மன அழுத்தமே வந்ததில்லை என்பதைச் சிறப்பு விருந்தினர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் விளக்கினார். கடைசியில், "மனக்கஷ்டம் உள்ளவங்க கை தூக்குங்க பாப்போம்" என்றார். முன்வரிசையில் துறைத்தலைவர்கள். ஒரு கையும் எழவில்லை. காரில் ஏறும்போது என்னை வாழ்த்தினார்.

"ஒங்க காலேஜ்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா இருங்க."

ஃப்ரெண்டு

மறுநாள் இப்ராஹிம் வந்தான். அச்சன்புதூர் பையன், பி.காம். இரண்டாம் ஆண்டு. "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சின மேடம். உறங்க மாட்டேங்கான், சாப்பிட மாட்டேங்கான். இருந்து என்ன செய்யங்கான்." சொல்லும்போது திறந்திருந்த கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நம்மிடம் வருகிற 'ஃப்ரெண்டு'கள் யாரென்று நமக்குத் தெரியாதா? கதவைச் சாத்திவிட்டு, முடிந்தவரை மெதுவாக, "அந்த ஃப்ரெண்டு இப்ப என் முன்னாலதான் இருக்கானாப்பா?" என்றேன்.

"இல்ல மேடம், பின்னால சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கான். கேன்டீன்ல எல்லாரும் பாக்காங்கன்னு வர மாட்டேங்கான்."

அப்பா

சைக்கிள் ஸ்டாண்டுக்கு நானே போனேன். பெயர் இசக்கி, சிவகிரிக்காரன். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமென்று தலையாட்டினான். அதன்பிறகு அவனைத் தனியே விடவில்லை. நானும் இப்ராஹிமும் ஆட்டோவில் அவனை நடுவில் உட்காரவைத்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவன் சம்மதத்தோடு, அங்கிருந்தே அவன் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அப்பா போலீஸ்காரர். மகனும் போலீஸாக வேண்டும் என்று விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்டவர். யூனிஃபார்மோடு வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் விறைப்பாக நின்றே கேட்டார். அதட்டப்போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் மகன் தோளில் கையை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்த டாக்டர் எங்கள மாதிரி ஆளுகளயும் பாப்பாரா? எனக்கும் உறக்கம் போயி ரொம்ப நாளாச்சு."

ஐந்தருவி

இசக்கி தேறி வகுப்புக்குத் திரும்பச் சில மாதங்களாயின. ஐப்பசி மழையில் அருவியில் மறுபடி தண்ணீர் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். வெளியிடத்தில் நம்மைக் கண்டால் மாணவர்கள் மலையைப் பார்ப்பார்கள் இல்லையா? இசக்கி தலை சொட்டச் சொட்ட நேரே என்னிடம் வந்தான். பின்னால் அவன் கூட்டாளிகள். அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"ஏலே, என்னய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போன மேடம் இவங்கதான். ஒங்களுக்கும் எதாச்சும் இருந்தா இங்கனயே சொல்லுங்கலே!"

சொன்னார்கள்; அருவிக்கரையில் காய்ந்த துண்டோடு நின்று கேட்டுவிட்டு, குளிக்காமலே வீடு திரும்புகிற வேலை நம்முடையது.