காலி டிஸ்க்கிலிருந்து எடுத்த காப்பி

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்க்கையும், ஒன்றில் உள்ளதை அப்படியே மற்றதிலும் எழுதும் ரெய்டு கார்டையும் பொருத்தி, வீட்டுக்கென்று ஒரு சர்வர் அமைத்தேன். எதைப் போட்டாலும் இரண்டிலும் பதிவாகும். ஒன்று போனாலும் மற்றது இருக்கிறதே என்ற தைரியத்தில், மனைவியின் தங்கை ஸ்டெல்லாவிடம் அவள் குழந்தையின் போட்டோக்களை வாங்கி ஏற்றினேன்.

"கேமரால இருக்கறத அழிச்சிடும்மா, இங்க பத்திரமா இருக்கும்" என்றேன்.

பிறகு ஒரு டிஸ்க் பழுதானது. புதியது வாங்கி மாட்டினேன். எதிலிருந்து காப்பி எடுப்பது என்று திரையில் கேட்டது. சரியாகப் படிக்காமல் புது டிஸ்க்கைக் காட்டிவிட்டேன். அதிலிருந்த வெறுமையே காப்பியாகி, நல்ல டிஸ்க்கும் காலியாகிவிட்டது.

"ரெண்டு டிஸ்க்கும் கெட்டுப்போச்சு" என்று ஸ்டெல்லாவிடம் பொய் சொன்னேன். டிஸ்க் விற்ற கடைக்காரரை அவள் திட்டத் தொடங்கியதும் எனக்குத் தாங்கவில்லை.

"அவர் இன்னா பண்ணுவாரு? நான்தான் மாத்தி அமுக்கிட்டேன்."

"வேற காப்பியே இல்லயா மாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

இப்போது எல்லாவற்றையும் சிடியிலும் எழுதி, மேல்விஷாரத்தில் நண்பர் வீட்டில் ஒரு செட் வைக்கிறேன். யாரிடமும் எதையும் அழிக்கச் சொல்வதில்லை. ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. அதன் போட்டோக்களை அவள் என்னிடம் தரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.