மூன்றாம் நம்பர் மிஷினுக்கு உரியவர்

சங்கச் செயலாளர் என்பது சம்பளம் இல்லாத வேலை. முதலாளியிடம் ஒரு வசவு, தொழிலாளியிடம் ஒரு வசவு என்று இரண்டு வேளையும் தவறாமல் கிடைக்கும். உங்களில் யாராவது ஆலைச் சங்கமோ, ஆட்டோ சங்கமோ, குடியிருப்போர் சங்கமோ நடத்தியிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான். மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அநியாயங்களை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பது அங்கே கற்ற முதல் பாடம்.

ஆகவே வரிசையாகவே சொல்கிறேன். சாக்கோட்டைப் பக்கம் எங்கள் நூற்பாலை. முதலாவது, உடல் பரிசோதனை முகாம் என்று சொல்லி, எதற்கென்று சொல்லாமலே எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது, மூன்றாம் நம்பர் மிஷின் ஓட்டிய சங்கத்துத் தம்பி ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்கு முன்னால் ஆபீசுக்குத் தெரிந்தது. ஆபீசிலிருந்து கேண்டீனுக்குத் தெரிந்தது. மூன்றாவது, அவருக்குத் தனி டம்ளர். நான்காவது, மிஷினிலிருந்து இறக்கிக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது, ஆயுதபூஜை. அன்றைக்கு எங்கள் ஆலையில் ஒவ்வொரு மிஷினுக்கும் உரியவர் பெயரை, குடும்பத்தோடு வந்திருக்கும் எல்லோர் முன்னாலும் முதலாளி வாசிப்பது வழக்கம். பெயர் வந்தவர் போய்த் தன் மிஷினுக்குச் சந்தனம் வைத்து ஓடவிடுவார். வாசித்த பிறகு அந்த மிஷினை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் மூன்றாம் நம்பருக்குக் கருப்பையா என்று வாசித்தார்கள். தம்பி தன் மனைவியோடு பின்வரிசையில் நின்றிருந்தார்.

சம்மதமில்லாமல் இந்தச் சோதனை செய்யக்கூடாது, இதைக் காரணம் காட்டி ஒருவர் வேலையில் கை வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அடுத்த ஆயுதபூஜையில் அவர் பெயர் வாசிக்கப்பட வேண்டும்: எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான். இதையெல்லாம் எழுதும்போது பெயரைப் போட்டே எழுதுங்கள் என்று தம்பியே சொல்லிவிட்டார். வர வேண்டிய இடத்தில் வரும்.

சிவப்புப் பெயிண்ட்

தனி டம்ளரின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். கேண்டீன் மாஸ்டர் பொல்லாதவர் அல்ல, பயந்தவர். அவரிடம் பேசிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். சங்கத்தின் மாநிலத் தலைவருக்குப் போன் செய்தேன். கண்டன அறிக்கை விடலாம் என்றார். அறிக்கையில் டீ குடிக்க முடியாது. அதனால் கொடிக்கம்பத்துக்கு அடிக்க வாங்கிய சிவப்புப் பெயிண்டில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு மாஸ்டர் டம்ளர்களைக் கவிழ்த்துப் பார்க்கிறார், எல்லாவற்றிலும் பொட்டு. தம்பி வரிசையில் வந்து நின்றார். முன்னால் ஆறேழு பேர், பின்னால் ஆறேழு பேர். மாஸ்டர் ஒரு டம்ளரை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்துலயும் பொட்டு வச்சுட்டீக. நான் யாரைத்தான் தள்ளி வைக்கிறது? வாங்கப்பா, வந்து குடிச்சுட்டுப் போங்க."

சூடம்

கருப்பையா என் பழைய பகையாளி. வேலைநிறுத்தத்தில் பின்வாசல் வழியாக உள்ளே போன ஆள். ஆனால் அவர் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள்: "மிஷின்ல வெரல் அறுபடும்ணே. அவன் ரத்தம் என் மேல பட்டா?"

நாங்கள் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆலோசகர் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். சேர்ந்து வேலை செய்வதாலும் ஒரே டம்ளரில் குடிப்பதாலும் இது ஒட்டாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். யாருக்கு விரல் அறுபட்டாலும், யார் ரத்தமாக இருந்தாலும், கையுறை போட்டுக் கட்டுப் போட வேண்டும். "உங்க முதலுதவிப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சுவரைக் கைகாட்டினோம். பூட்டியிருந்தது. சாவியைத் தேடிப் பிடித்துத் திறந்தால் உள்ளே பூஜைக்கு வாங்கிய சூடமும் ரெண்டு தீப்பெட்டியும். முப்பது வருஷமாகச் சங்கம் நடத்தியவன் நான். எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கருப்பையா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இத்தனை வருசமா வெரல் அறுந்தப்பல்லாம் நாம சூடத்தை நம்பியாண்ணே இருந்தோம்?"

'உம்'

அடுத்து, முறைப்படி, விருப்பமுள்ளவர்களுக்குச் சோதனை. ஆஸ்பத்திரி வேன் ஆலை வாசலில், டீக்கடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. டீக்கடையில் நூறு கண். ஒருத்தரும் ஏறவில்லை. வேனைச் செக்காலையில் உள்ள சங்க ஆபீசுக்குத் திருப்பச் சொன்னேன். அங்கே பி.எப். பாக்கி, ரேஷன் கார்டு, மாமியார் சண்டை என்று எல்லாவற்றுக்கும் ஆள் வரும். யார் எதற்கு வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை.

முதல் ஆளாக நானே உட்கார்ந்தேன். அப்படிச் செய்தால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று ஒரு கர்வம். கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசகர் அம்மா சில கேள்விகள் கேட்டார். எந்த மேடையிலும் எவரும் என்னிடம் கேட்டிராத கேள்விகள். மேஜை மேலிருந்த பி.எப். பாரங்களை அடுக்க ஆரம்பித்தேன். கடைசியில், சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அது போதாதாம். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "காந்தி சிலைகிட்ட மைக் இல்லாமயே ரெண்டு மணி நேரம் பேசுவீகளாம். எனக்கு 'உம்'னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளா?"

காரணம் கேட்காத லீவு

தம்பி மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் லீவுக்குக் காரணம் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லக் கூசி ஒரு மாதம் மாத்திரை விட்டுப்போனது. அதற்குப் பிறகுதான் நான் ஆச்சியைப் பார்க்கப் போனேன். ஆச்சி என்றால் எங்கள் முதலாளி. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, கட்டிய ஆலையை இப்போது நடத்துகிறவர். என்னை இரண்டு முறை சஸ்பெண்ட் செய்தவர், இரண்டு முறையும் திரும்ப எடுத்துக்கொண்டவர் என்றும் சொல்லலாம்.

எல்லோருக்கும் மாதம் ஒருநாள், காரணம் கேட்காமல் லீவு வேண்டும் என்றேன். ஆச்சி, தம்பி ஒருத்தருக்கு மட்டும் தருவதாகச் சொன்னார். ஒருத்தருக்கு மட்டும் என்றால் அந்த லீவே சிவப்புப் பொட்டுதான் என்றேன். "நோயில்லாதவன் சினிமாவுக்குப் போவானே" என்றார். போகட்டும் என்றேன். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். ஒப்புக்கொண்டார். சந்தோஷத்தில் மூன்றாம் நம்பர் மிஷின் பேச்சையும் எடுத்தேன். அதற்கு மட்டும் ஆச்சி பிடி கொடுக்கவில்லை: "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் தருவேன், செயலாளரே. ஆயுதபூஜை வரட்டும். இப்ப எந்திரிச்சு அங்குட்டுப் போங்க."

ஆயுதபூஜை

பூஜைக்கு முந்தின நாள் கோஷங்களெல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். பெயர் வராவிட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதாகத் திட்டம். பூஜை அன்று காலை கருப்பையா ஆச்சியின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். பழைய புத்தி, போட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். வழியை மறித்துக் கேட்டேன். "உங்க திட்டமெல்லாம் எனக்கு எதுக்கு? மிஷினு அவன் கைப்பழக்கத்துக்குத்தான் ஓடுது, என்கிட்ட முக்குதுன்னு சொல்லிட்டு வாரேன்" என்றார்.

முதல் மிஷினுக்கு வாசித்தார்கள். இரண்டாவதுக்கும் வாசித்தார்கள். சந்தனம், சத்தம், கைதட்டல். மூன்றாவதுக்கு வந்தபோது ஆச்சி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பின்வரிசையில் தம்பியின் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் கோஷங்கள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தன.

எத்தனையோ பெயர்களுக்காக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஆனால் கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் தெளிவாகக் கேட்டது, எனக்கு வேலையே வைக்காமல், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆச்சி வாசித்த ஒன்றுதான்: "மூணாம் நம்பர். ஆறுமுகம் மகன் சேதுபாண்டி."