குமிழைத் திருகிய கை

அந்த ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் ஒரே ஒருவர்தான். எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள், அவருடைய செட் படுமோசம் என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பேச்சாளர் சூடேறி, எதிராளியின் கொள்கையை விட்டுவிட்டு அவருடைய அம்மாவிடம் போகிற நேரம் பார்த்துக் குரல் செத்துவிடும். செட்டுக்காரர் மேஜைக்கடியில் குனிந்து வயரைத் தேடுவார், ஊதுவார், உள்ளங்கையில் தட்டுவார்.

“லூஸ் கனெக்‌ஷன் தலைவரே. ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்தில் தலைவர் சோடா குடிப்பார். ஏப்பத்தோடு கோபமும் வெளியேறிவிடும். மைக் திரும்பியதும் சாக்கடை, குடிநீர் என்று ஊர் விஷயத்துக்கு வந்து சேருவார்.

வயரில் ஒரு குறையும் இல்லை. சத்தக் குமிழைச் செட்டுக்காரர்தான் ஓசைப்படாமல் திருகினார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் செய்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், “நாளைக்கு அடுத்த கட்சிக்கும் நான்தானே ஸ்பீக்கர் குழாய் கட்டணும்” என்றிருப்பார். உயர்ந்த நோக்கம் எதையும் அவர் தலையில் கட்டவேண்டாம். குழாயே போதும், கனமானது. ஊர் அவருக்கு ‘லூஸ் வயர்’ என்று பட்டம் கொடுத்தது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

நகரசபைக்கு எப்போதும் எதிரெதிராக நிற்கிறவர்கள் இருவர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மற்றவர் டைப் மாஸ்டர். டைப்பிங் கிளாஸ் நடத்துகிறவர், மருந்துக்கடைக்காரரின் தங்கை கணவர். “மாப்பிள்ளை போட்ட கணக்கு தப்பு. மாப்பிள்ளை தப்பில்ல” என்பார் ஒருவர். “மச்சான்கிட்ட மாத்திரை வாங்குங்க, வாக்குறுதி மட்டும் வாங்கிடாதீங்க” என்பார் மற்றவர். தோற்றவர் வீட்டில்தான் ஜெயித்தவருக்குச் சாப்பாடு. தங்கை பரிமாறுவாள். “ரெண்டு பேரும் சேந்து ஊரைக் கெடுத்தது போதும், கை கழுவிட்டு வாங்க” என்பாள்.

போன தேர்தலில் மருந்துக்கடைக்காரர் கட்சியின் தலைமை ஒரு நட்சத்திரப் பேச்சாளரை அனுப்பிவைத்தது. அவ்வளவு பெரிய ஆள் பேசும்போது மானம் போகக்கூடாது என்று, மருந்துக்கடைக்காரரே உள்ளூர் செட்டை வேண்டாம் என்றார். வெளியூரிலிருந்து ஒலிபெருக்கி வண்டி வந்தது. நட்சத்திரம் கொள்கையில் தொடங்கி, டைப் மாஸ்டருக்கு வந்து, அங்கிருந்து அவர் மனைவிக்குப் போனார். என்ன சொன்னார் என்று எழுதினால் இந்தப் பக்கத்தின் வயரும் லூஸாகிவிடும். ஒரு சொல்கூடத் தேயாமல், வெண்கல மணி மாதிரி, தெருக்கோடி மாடிவீடு வரைக்கும் கேட்டது. அது தங்கையின் வீடு. அண்ணன் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த துண்டறிக்கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் போய்க் கதவைத் தட்டினார். அது திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“காதோட சொல்ற மன்னிப்பு எனக்கு வேணாம்ணா. தெரு கேக்கப் பேசினான்ல? தெரு கேக்க நீ சொல்லு. அதுவரைக்கும் எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல.”

பிரச்சாரத்தின் கடைசி மாலை. நட்சத்திரத்தோடு அவருடைய வண்டியும் வேறு ஊருக்குப் போய்விட்டதால், செட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். மாடிவீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு குழாய் கட்டச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேடையேறியவர் சுற்றிவளைக்கவில்லை. “அன்னைக்கு இங்க என் தங்கச்சியப் பத்திப் பேசினது உங்க எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். இன்னைக்கு நானும் அவளப் பத்தித்தான் பேசப் போறேன்.”

முன்வரிசையில் யாரோ விசிலடித்தான். அது போதுமானதாக இருந்தது. பழகிய கை, மூளையைக் கேட்காமல் குமிழைத் திருகிவிட்டது. செட்டுக்காரர் வழக்கம்போல மேஜைக்கடியில் குனிந்தார். மேடைப் பலகை இடுக்கு வழியாக மைக் இல்லாத குரல் அவருக்குக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்தாரோ என்னவோ.

“அவ மேல விழுந்த ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னதுதான். வாயத் திறக்காம உக்காந்திருந்தேனே, அதுவும் பேச்சுதான். மாப்பிள்ளைகூட எனக்கு ஆயிரம் தகராறு இருக்கு. வரியில, தண்ணில, தெருவிளக்குல. அவங்க வீட்டு வாசல்ல எனக்கு ஒரு தகராறும் இல்ல. என்னை மன்னிச்சிரும்மா.”

செட்டுக்காரர் துள்ளி எழுந்தார். மேஜை விளிம்பில் மண்டை மோதியது. குமிழை ஒரே திருகாக முழுக்கத் திருகினார். அதற்குள் பேச்சு முடிந்திருந்தது. முன்வரிசை கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் குழாய்கள் முழுச் சத்தத்தோடு, ஒன்று விடாமல், தெருக்கோடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. பிரச்சார நேரம் முடிந்தது என்று தேர்தல் அதிகாரி கையைக் காட்டினார்.

செட்டுக்காரர் அடுத்த நாள் மாடியேறினார். ஆண்டாண்டாகப் பூட்டிவைத்திருந்த ரகசியத்தை முதல் தடவையாக வெளியே எடுத்தார். “தப்பு என்னுதும்மா. வயர் நல்ல வயர்தான். நான்தான் திருகிட்டேன். அண்ணன் மன்னிப்புத்தான் கேட்டாரு.”

தங்கை அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அண்ணே, உங்க வயர் லூஸுன்னு பால்காரனுக்குக்கூடத் தெரியும். நீங்களும் அவங்க கட்சில சேந்துட்டீங்களா?”

“இவர் பொய் சொல்ற ஆள் இல்ல” என்றார் டைப் மாஸ்டர்.

“நீங்க சும்மா இருங்க. என்னப் பத்திப் பேசப் போறேன்னு அவன் சொன்னத என் காதால கேட்டேன். அப்புறம் கைதட்டினாங்க. அதையும் கேட்டேன்.”

“முன்வரிசைல இருந்தவங்களக் கேட்டுப் பாருங்கம்மா.”

“எல்லாம் அவங்க ஆளு. வேற என்ன சொல்லுவாங்க?”

செட்டுக்காரர் அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போய், அங்கேயும் அதையே சொன்னார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்.

“இத்தன வருஷமா லூஸே இல்லையா?”

“இல்லீங்க.”

“மாப்பிள்ளை ஒரு தடவை என் அப்பாவ இழுத்தாரே, அப்ப?”

“நான்தாங்க.”

“நான் அவரோட அப்பாவ இழுத்தப்ப?”

“அதுவும்.”

கத்தரி நின்றது. “அந்த நட்சத்திரம் வந்தன்னிக்கு உங்க செட் வேணாம்னு சொன்னதே நான்தானே” என்றார்.

மருந்துக்கடைக்காரர் ஜெயித்தார். தோற்ற வீட்டில் இந்த முறை இலை போடவில்லை. நன்றி சொல்லும் கூட்டத்தை அவர் தங்கை வீட்டுக்குக் கீழேயே வைத்தார். ஜெயித்த பிறகு நடக்கும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நாற்காலிகள்தான் வந்திருந்தன. செட்டுக்காரர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, குமிழுக்கு எட்டாத தூரத்தில் நின்றார். மருந்துக்கடைக்காரர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொன்னதையே முதலிலிருந்து சொன்னார்.

“தங்கச்சி” என்ற சொல் வந்ததுமே மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கியது. அவர் பேசி முடிக்கும்வரை ஓடியது. சத்தத்தோடு வாழ்ந்தவர் செட்டுக்காரர். அவருக்குத் தெரிந்துவிட்டது, ஜாரில் அரைக்க எதுவும் போடவில்லை என்று.