தர்ஷனின் துணி யானை

பேய்க்கதை பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பாதியிலேயே கேள்வி கேட்டுக் கெடுத்துவிடுவேன். விளக்கு தானாக அணைந்தது என்றால் பியூஸைப் பார்த்தீர்களா என்பேன், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றால் பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்பேன். மலேசியாவில், செனாய் ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை, எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சரி என்று விடுவேன், வீட்டிலும் அதே குணம்தான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நானும் என் தம்பி சுரேஷும் பிறந்து வளர்ந்தது பெக்கான் நானாஸில். அங்கே மண் வேறு மாதிரி. கறுப்பாக, பஞ்சு போல, மிதித்தால் அமுங்கி எழும்பும் சதுப்பு மண், மலாயில் காம்புட் என்பார்கள். அன்னாசிக்கு நல்ல மண், வீட்டுக்கு ஆகாது. தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், வாசற்படி மட்டும் அந்தரத்தில் நிற்கும், அப்பா அடியில் இன்னொரு படி கட்டுவார், சில வருஷம் கழித்து அதுவும் அந்தரத்தில் நிற்கும்.

அந்த மண்ணில்தான் நாங்கள் பொம்மைகளைப் புதைத்து விளையாடினோம். புதையல் விளையாட்டு என்றுதான் ஆரம்பித்தது. சுரேஷின் சிவப்பு பஸ்ஸைப் புதைத்து, மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டு, மறுநாள் தோண்டினால் பஸ் இல்லை. குச்சி அப்படியே இருக்கிறது. சுற்றிச் சுற்றித் தோண்டினோம், தண்ணீர்தான் ஊறியது. அப்பா சிரித்தார். "காம்புட்டு மண்ணுடா, கீழ இழுத்துக்கும். ஆளையே இழுக்கும், ஒங்க பஸ்ஸு என்னா?" என்றார். பயப்படுவதை விட்டுவிட்டு நாங்கள் அதில் மயங்கிப் போனோம். அதற்குப் பிறகு மண் எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காகவே புதைத்தோம். பிளாஸ்டிக் டீ கப்புகள், சாவி கொடுத்தால் நடக்கும் ஆமை, பிறந்தநாளுக்கு அத்தை வாங்கித் தந்த மஞ்சள் முடிப் பொம்மை. அந்தப் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே புதைத்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அம்மா விளக்குமாற்றால் அடித்த பிறகுதான் நிறுத்தினோம், அப்புறம் மறந்தும் போனோம்.

இனி என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தர்ஷன். மூன்று வயது. டிங்கிக் காய்ச்சல். எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுப் பக்கம் உள்ள இடுகாட்டில் புதைத்தோம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய ஒரு நீலத் துணி யானை இல்லாமல் அவன் தூங்க மாட்டான். கடித்துக் கடித்து அதன் ஒரு காதைக் கிழித்து வைத்திருந்தான், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்தான் நான் அதைத் தைத்தேன், நீல நூல் தீர்ந்திருந்தது, பச்சை நூலில் தைத்தேன். பெட்டியை மூடும் முன் என் கணவர் குணா அந்த யானையை அவன் கையிடுக்கில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

அது நடந்து இரண்டு வருஷம் போயிருக்கும். அதற்குள் அப்பாவும் தவறிவிட்டார். அம்மா சுரேஷோடு ஸ்கூடாய்க்குப் போனதிலிருந்து பெக்கான் நானாஸ் வீடு பூட்டியே கிடந்தது. வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்து, பின்பக்கம் புதிய செப்டிக் டேங்க் வைக்க சுரேஷ் ஆள் பேசினான். மண் தோண்டும் மெஷினோடு ஒரு மலாய்க்காரர் வந்தார். இருட்டும் இல்லை, மழையும் இல்லை, உச்சி வெயில். நானும் சுரேஷும் வீட்டுக்குள் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று மெஷின் சத்தம் நின்றது.

"காக், மாரி செகெஜாப்," என்று அவர் கூப்பிட்டார். அக்கா, கொஞ்சம் வாங்க என்கிறார், ஆனால் குரல் ஏதோ போல இருந்தது.

ஆள் உயரக் குழி. காம்புட்டில் பழைய காட்டு மரங்கள் மக்காமல் புதைந்து கிடக்கும், அப்படி ஒரு பெரிய அடிமரம் மெஷினின் வாளியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு பொந்து. அந்த மண்ணில் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்று சொன்னேன் இல்லையா, அந்தப் பொந்து மட்டும் காய்ந்திருந்தது. உள்ளே எங்கள் பொம்மைகள், தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் நாங்கள் புதைத்தவை எல்லாம், வரிசையாக உட்கார்ந்திருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், வரிசையாக.

நான் இறங்கினேன். சுரேஷ் மேலே நின்று, "அக்கா, தொடாதக்கா. மேல வந்துரு," என்றான். அவன் சிவப்பு பஸ்ஸைப் பார்த்தேன். பெயிண்ட் உரிந்து, சக்கரங்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. டீ கப்புகளின் விளிம்பில் சின்னச் சின்னப் பல் தடம். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே நான் புதைத்த அந்தப் பொம்மையின் மூக்கும் வாயும் மழுங்கி, முகமே தடவித் தடவி அழிந்து போயிருந்தது. மண் அரித்த தேய்மானம் எனக்குத் தெரியும், கை பட்டுத் தேய்ந்ததும் தெரியும், அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. இவை விளையாடித் தேய்ந்த சாமான்கள்.

வரிசையின் கடைசியில் நீல யானை இருந்தது.

எடுத்துத் திருப்பினேன். காதில் பச்சை நூல். என் தையல். "ஜாங்கான் அம்பில், காக்," எடுக்காதீங்க என்று மேலேயிருந்து அந்த மனிதர் கெஞ்சுகிறார். நான் யானையை மார்போடு பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவர் எல்லா மண்ணையும் தள்ளிக் குழியை மூடிவிட்டு, பாதி வேலையிலேயே கிளம்பிப் போனார். சுரேஷும் தடுக்கவில்லை.

குணாவுக்குப் போன் போட்டேன், என்ன சொன்னேனோ, வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். யானையைப் பார்த்ததும் முதலில், "இது வேற. பாசார் மாலாம்ல இதே மாதிரி எத்தனயோ விக்கிறான்," என்றார். நான் காதைக் காட்டினேன். முகம் மாறியது.

"விமலா, உண்மையச் சொல்லு. அன்னிக்கே நீ எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டியா?"

"நீங்கதானே அவன் கையில வெச்சீங்க? நீங்கதானே பொட்டிய மூடச் சொன்னீங்க?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து நேராக இடுகாட்டுக்குப் போனோம். தர்ஷனின் மேல் போட்ட சின்ன சிமெண்ட் பலகையில் ஒரு கீறல் இல்லை. ஓரமெல்லாம் புல் பின்னிக் கிடந்தது. யாரும் தோண்டிய அடையாளமே இல்லை. சுரேஷ்தான் மெதுவாக, "மாமா, வேணும்னா தொறந்து பாத்துரலாம்," என்றான். குணா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "என் பிள்ளைய ரெண்டாவது தடவ பாக்கச் சொல்றியா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யானையை நான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன். குணா அதைத் தொடுவதே இல்லை. சில வாரம் கழித்து ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "குடுத்துரு விமலா. அவன் தேடுவான்."

எதையும் நம்பாத ஆள் அவர், என்னைவிட மோசம். அந்த வார்த்தையைக் கேட்டு நான் ஷூவைப் போட்டபடியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க, அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் பெக்கான் நானாஸ் போனோம். அதே இடத்தில் மண்வெட்டியால் இடுப்பளவு தோண்டினோம், தண்ணீர் நிறைந்துவிட்டது, அடிமரமும் இல்லை, பொந்தும் இல்லை, ஒரு பொம்மையும் தட்டுப்படவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் கொஞ்சம் மேடாக யானையை வைத்து மூடினோம். மறுநாள் சுரேஷ் போய்த் தோண்டிப் பார்த்தான். வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு வாரம் விட்டுப் பார்த்தோம், அப்போதும் இருந்தது. எங்கள் சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் விழுங்கிய மண், இதை மட்டும் தொடவில்லை.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்து, நன்றாகக் காயவைத்து, துணி அலமாரியில் மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். பல மாதம் திறக்கவே இல்லை.

போன மாதம் தர்ஷனின் பிறந்தநாள் வந்தது. குணா வேலைக்குப் போயிருந்தார். யானையை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் அந்தப் பச்சை நூல் காதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் மறு காதைப் பார்த்தேன். அதுவும் அதே போலக் கடித்துக் கிழிக்கப்பட்டு, தைக்கப்பட்டிருந்தது. துவைத்தபோது இப்படி இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. கோணல் மாணலான தையல், என் தையலைப் பார்த்துப் பார்த்துப் பழகியது போல. கறுப்பு நூல் என்று நினைத்து நகத்தால் நெருடினேன். நூல் இல்லை, முடி. நீளமான, நேரான முடி. என் முடி சுருட்டை, எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி நேர் முடி கிடையாது.

குணாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் முடியை யாரோ பல்லால் கடித்து அறுத்திருந்தார்கள். யானை முழுக்கக் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. அந்தக் கடித்த நுனி மட்டும் ஈரமாக இருந்தது.