கதவு பெயிண்ட் அடித்த கார்

1. பின் கேட்

பெங்களூர் தொம்மலூரில் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். வாட்ச்மேன் வந்தார். காரை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய சாமான் எடுக்கிற வண்டிலாம் பின் கேட்டுக்குப் போவணும்மா" என்றார்.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க."

"இதுவா?" என்று இன்னொரு சுற்று சுற்றினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த புதிது. அதுவரை பல வருஷமாகச் சம்பத் சார் என்பவரின் ஸ்கூலில் லேடி இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். சம்பத் சார் கத்தியே கற்றுக்கொடுப்பவர். அவரிடம் படித்த பெண்கள் லைசென்ஸ் வாங்கியபின் பயத்தில் காரை உறைபோட்டு மூடி வைத்துவிடுவார்கள். நான் விலகும்போது அவர், "ஒரே மாசம் ஸ்டெல்லா. அப்புறம் இதே சீட்ல வந்து உக்காருவ. நான் காலியாவே வெச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் வாங்கியது ஒரு பழைய சின்ன கார். கையில் இருந்ததை எல்லாம் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து பிரேக், கிளட்ச் பெடல்களுக்கும், நான்கு டயருக்கும் போட்டேன். அதனால் வண்டி நன்றாக ஓடியது, நன்றாக நின்றது. பார்க்க மட்டும் சகிக்காது. முன்கதவு ஒரு வெள்ளை, பின்கதவு இன்னொரு வெள்ளை. பானெட்டில் வெயில் தின்ற திட்டுகள். சக்கரத்துக்கு மேலே துரு.

அந்த அபார்ட்மெண்டில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கார் கற்றுக்கொள்ள இருந்தார்கள். அவர்கள் சார்பில் பேச வந்தவள் வித்யா. திருச்செங்கோட்டுப் பெண், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"திங்கக்கிழமை காலையில நான் ஒரு டிரையல் கிளாஸ் வர்றேங்க மேடம். எனக்கு ஒத்துவந்தா எல்லாருமே உங்ககிட்ட சேர்ந்துக்குவோம். இல்லைன்னா செவ்வாக்கிழமை சம்பத் சார் ஸ்கூல்ல இருந்து வர்றாங்க" என்றாள். பிறகு கேட் பக்கம் பார்த்து, தயங்கித் தயங்கி, "வண்டி... இதேதானுங்களா?" என்றாள்.

"வண்டி பெயிண்டிங்குக்குப் போகுது. திங்கக்கிழமை பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

2. வீடியோவில் பார்த்த வேலை

டிங்கர் பெயிண்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு நான் அந்த மாதிரி இன்னொரு கார் வாங்கலாம். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, சோர்ந்துபோய் உட்கார்ந்தேன். என் கணவர் பிரான்சிஸ் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பிரச்சினை எதுவானாலும் போனில் வீடியோ தேடுவார். போன வருஷம் அப்படித்தான் மிக்ஸியைச் சரிசெய்தார். அதற்கப்புறம் நாங்கள் புது மிக்ஸி வாங்கினோம்.

"ஸ்டெல்லா, இங்க பாரு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ரோலர்லயே காருக்கு பெயிண்ட் அடிக்கிறான். கம்ப்ரஸர் வேணாம், ஸ்ப்ரே கன் வேணாம். முடிச்சதும் அதுல மூஞ்சி பாத்து தலை சீவிக்கிறான்."

"ரோலர்லயா? சுவத்துக்கு அடிக்கிறதாச்சே அது?"

"இது ஸ்பாஞ்சு ரோலர். பெயிண்ட்டும் சாதா எனாமல்தான். தண்ணியா கலக்கி நாலஞ்சு கோட். ஒண்ணுமில்ல."

என் அனுபவத்தில் அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொன்ன எதுவும் ஒன்றுமில்லாமல் போனதில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கடைக்காரர், "எனாமல் ஒயிட்டா? கதவுக்கா, கேட்டுக்கா?" என்று கேட்டார்.

"காருக்கு" என்றார் பிரான்சிஸ்.

கடைக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கதவுன்னே பில் போட்டுடறேன்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். துரு இருந்த இடத்தைச் சுரண்டி, பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து, வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது என் வேலை. மத்தியானத்துக்குள் என் விரல் நுனியில் ரேகையே இல்லை. விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் செய்தித்தாளால் மூடி டேப் ஒட்டுவது பிரான்சிஸ் வேலை. அதை அவர் மிக அழகாகச் செய்தார். பரிசுப் பொட்டலம் மாதிரி இருந்தது வண்டி.

மாடியிலிருந்து வீட்டு ஓனர் ராஜண்ணா இறங்கி வந்தார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார். "ஏனப்பா பிரான்சிஸ், காருக்கு சுண்ணாம்பு அடிக்கிறியா?" என்றார்.

"எனாமல் சார். ஃபாரின் டெக்னிக்."

"ஓகோ. ஸ்வல்ப மிச்சம் வந்தா நம்ம கேட்டுக்கும் ஒரு கை ஓட்டிடு."

ஞாயிறு காலைப் பூசைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசி கோட் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், தெருமுனையிலிருந்து பார்த்தால் ஷோரூம் வண்டி. பக்கத்தில் வந்தால் ஃபிரிட்ஜ் கதவு. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிரான்சிஸ் தெருமுனைக்கும் வண்டிக்குமாக நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

3. தார்ப்பாய்

நாலரை மணிக்கு வானம் கருத்தது. பெங்களூர் மழைக்கு யோசிக்க நேரம் கொடுக்கும் பழக்கம் கிடையாது. "தார்ப்பாய்! தார்ப்பாய்!" என்று கத்தினேன். ராஜண்ணா தன்னுடைய நீலத் தார்ப்பாயை மாடியிலிருந்தே வீசினார்.

பிரான்சிஸ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அவசரத்திலும் நின்று யோசித்தார். "இத அப்படியே போட்டா பெயிண்ட்ல ஒட்டிக்கும் ஸ்டெல்லா. நடுவுல பேப்பர் போடணும்" என்றார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. மிச்சமிருந்த செய்தித்தாள்களை நாங்கள் இருவரும் ஓடி ஓடி வண்டிமேல் விரித்தோம். பானெட்டுக்கு முழுப்பக்கத் தாள்கள். அதற்குமேல் தார்ப்பாய். அதற்குமேல் இரவு முழுக்க மழை.

எனாமல் பெயிண்ட் ஈரக்காற்றில் சுலபத்தில் காயாது. இது வீடியோவில் வரவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் ஊரில் வெயில் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடிகாலையில் தார்ப்பாயை எடுத்தோம். தார்ப்பாய் ஒட்டவில்லை. பேப்பர் ஒட்டியிருந்தது. ஈரத்துணி வைத்துத் தேய்த்தால் காகிதம் வந்தது, மை வரவில்லை. கூரையிலும் கதவிலும் பொடி எழுத்து, லேசாக அழுக்குப் படிந்த மாதிரி. பானெட்டில் மட்டும் ஏதோ விளம்பரத்தின் பெரிய கருப்பு எழுத்துகள், இடம் வலம் மாறி, பளிச்சென்று பதிந்திருந்தன. கெரசின் போட்டு ஓரத்தில் துடைத்துப் பார்த்தேன். எழுத்தோடு சேர்ந்து பெயிண்ட்டும் கிளம்பியது. விட்டுவிட்டேன்.

எனக்கு அழுகை வந்தது. "எப்படிங்க இத எடுத்துக்கினு போறது?"

"போகலன்னா நாளைக்கு சம்பத் சார் போயிடுவாரு" என்றார் பிரான்சிஸ். பிறகு பானெட்டைக் குனிந்து பார்த்து, "எழுத்து திரும்பியில்ல இருக்கு? யாருக்கும் படிக்க வராது. டிசைன்னு நெனச்சுக்குவாங்க. ஒண்ணுமில்ல" என்றார்.

4. டிரையல் கிளாஸ்

வாட்ச்மேன் இந்த முறை முன் கேட்டையே திறந்தார். "பெயிண்டு வாசனை தூக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். வித்யா வந்து பானெட்டைப் பார்த்தாள். மரியாதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தும்போது அவள் உள்ளங்கை முழுசாக அதில் பதிந்துவிட்டது. அதையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்ததும்தான் அவளுடைய பயம் எனக்குத் தெரிந்தது. கிணற்றுக்குள் விழப்போகிறவர் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"கையை லூசா விடுங்க வித்யா."

"லூசாத்தானுங்க மேடம் விட்டிருக்கேன்."

உள் ரோட்டில் கால் கிலோமீட்டர் போவதற்குள் நாலு தடவை இன்ஜின் ஆஃப் ஆயிற்று. ஐந்தாவது தடவை ஆஃப் ஆன இடத்தில், முன்னால் குப்பை வண்டி ரோட்டை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் ஓர் ஆட்டோ. ஆட்டோவுக்குப் பின்னால் நாங்கள். ஹேண்ட்பிரேக் போடச் சொன்னேன்.

ஆட்டோ டிரைவர் தன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் பார்த்தார். இறங்கி என் பக்கம் வந்தார்.

"யம்மா, எந்தக் கடைம்மா? எங்க வூட்ல ஆடித் தள்ளுபடிக்கு கூட்டிக்கினு போன்னு உசுர எடுக்குறா."

"எந்தக் கடையா? இது டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க."

"அப்போ இன்னைக்கே கடைசின்னு போட்டுக்கினு வர்றீங்களே, இன்னாத்துக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னை இறங்கச் சொல்லி, தன் ஆட்டோவுக்கு அழைத்துப்போய்க் கண்ணாடியைக் காட்டினார். பார்த்தேன். காரில் எது இடம் வலம் மாறியிருந்ததோ, கண்ணாடிக்குள் அது அப்படியே நேராகிவிட்டது. புடவைக் கடை விளம்பரம். பானெட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொட்டை எழுத்தில், 'இன்றே கடைசி!' அதற்குக் கீழே சிவப்பு எல் போர்டு. அதற்கு மேலே, காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால், பேயறைந்த மாதிரி வித்யாவின் முகம்.

முன்னால் போகிற, தமிழ் தெரிந்த எந்த வண்டிக்காரர் கண்ணாடியைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். காலையில் வரும்போது பலர் ஏன் எனக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் அங்கேயே நின்றிருந்தபோது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் வளைந்து வந்து எங்களருகே பாதி ரோட்டை மறித்து நின்றது. சம்பத் சார். ஸ்டீயரிங்கில் அவருடைய புது மாணவர் ஒருவர் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். சார் இறங்கி என் வண்டியைப் பார்த்தார், ஆட்டோக்காரரிடம் விஷயத்தைக் கேட்டார், தானும் போய் அந்தக் கண்ணாடியில் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் ஒரு மாசம்னு சொன்னேன் ஸ்டெல்லா. நீ இன்னைக்கேன்னு எழுதிக்கிட்டே வந்துட்டியே! சீட்டு காலியாத்தான் இருக்கு, நாளைக்கே வா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த வகுப்பு முடிந்தது, அந்த ஏழெட்டுப் பெண்களும் போனார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"மேடம், பானெட்டுல என்னங்க எழுதியிருக்கு?" என்றாள் வித்யா.

மறைத்துப் பயனில்லை. "இன்றே கடைசின்னு" என்றேன்.

அவள் கழுத்தை நீட்டிப் பானெட்டைப் பார்த்தாள். "எல் போர்டுக்கு மேலயா?"

"ஆமா."

"அதுக்குப் பின்னால நானுங்களா?"

"ஆமா."

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து வைத்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. இருவருமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது குப்பை வண்டி கிளம்பி, ஆட்டோவும் போய்விட்டது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வித்யா சிரிப்போடேயே சாவியைத் திருப்பினாள். கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டாள். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் நகர்ந்தது. இரண்டாவது கியர். மறித்து நின்ற சம்பத் சார் காரை ஒட்டி, சரியான இடைவெளி விட்டு, வளைத்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் காருக்குள் இருந்தவர் இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை, சார் அவர் பக்கம் குனிந்து, "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தெருமுனை திரும்பிய பிறகுதான் கவனித்தேன். என் இரண்டு காலும் பெடலைத் தொடாமல் சும்மா இருந்தன. அவள் கைகளைப் பார்த்தேன். தோசைக் கரண்டியைப் பிடிப்பதுபோல் சாதாரணமாகப் பிடித்திருந்தாள்.

அபார்ட்மெண்ட் கேட்டில் மற்ற பெண்கள் காத்திருந்தார்கள். வித்யா இறங்கியதும் இறங்காததுமாக, ஒவ்வொருத்தியையும் பானெட்டுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் போனின் செல்ஃபி கேமராவில் பானெட்டைக் காட்டினாள். அன்றைக்கே எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர், பெயிண்ட் மாற்றுவதற்கு முன்னால் தங்களுக்கு வகுப்பு வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

5. கற்றுக்கொண்டது

பெயிண்டைப் பற்றி முதலில். வீட்டிலேயே காருக்கு ரோலரில் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் மழை மாதத்தில் அடிக்காதீர்கள். அடித்தால் பேப்பர் போடாதீர்கள். கொஞ்சம் வருமானம் வந்ததும் நான் அந்த டிங்கர் பெயிண்டரிடமே போனேன். அவர் பானெட்டில் நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "யக்கா, இது பாத்ரூம் கதவுக்கு அடிக்கிறதாச்சே" என்றார். பிரான்சிஸ் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது என்னிடம் மூன்று வண்டிகள், இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் கற்றுக்கொள்ள வருகிறவரின் கால் என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கை இறுகியிருக்கும்வரை நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. கத்தினால் இன்னும் இறுகும். ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டால் அது தானாகத் தளர்ந்துவிடும்.

அதனால் முதல் வகுப்பில் ஆள் சிரிக்காமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு பேங்க் மேனேஜருக்கு மட்டும் இரண்டு வகுப்பு முழுசாகப் போயிற்று. வண்டி நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. மூன்றாம் நாள் ஏறி உட்கார்ந்தவர் எதற்கோ தானாகவே சிரித்தார். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடனே சாவியைக் கொடுத்துவிட்டேன்.