ஓசேப்பு அரிசி போட்டானா?

பக்கத்துக் காம்பிராவில் கருவாடு பொரித்தால் அந்த வாசம் எங்கள் வீட்டுக்குக் கதவு வழியாக வராது, சுவருக்கு மேலால் வரும். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், குடும்பத்துக்கு ஒன்றான ஒரு காம்பிரா அறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுவர் எழுப்பியவர்கள் அதைக் கூரை வரைக்கும் எழுப்பவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடம். அந்த இடத்தின் வழியாகப் புகை வரும், இருமல் வரும், பிள்ளையின் அழுகை வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை ஒரு சொல் குறையாமல் வரும். தோட்டத்துத் துரையின் குதிரை லாயத்தில்கூடத் தடுப்பு முழுசாக இருந்தது. எங்களுக்கு அது வேண்டியதில்லை என்று யாரோ ஒருவன் கணக்குப் போட்டிருக்கிறான். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் நான் வேதம் கற்றது கோயிலில் இல்லை, அந்தக் குட்டைச் சுவரின் அடியில்தான்.

மலைநாட்டில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் "வேதக்காரர்" நாங்கள் ஒரே குடும்பம்தான். அப்பா சாமுவேல், அம்மா ஞானம், நான். எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குப்பி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வேதாகமத்தைச் சத்தமாகப் படிப்பாள். படித்த பகுதியை எனக்காக எங்கள் பேச்சில் திருப்பிச் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மா அத்தையும் மாரிமுத்து மாமாவும் இருந்தார்கள். இரத்த உறவு இல்லை. அப்பாவும் மாரிமுத்து மாமாவும் ஒருவரை ஒருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள், அதனால் அம்மா அவருக்குத் "தங்கச்சி", அவர் அம்மாவுக்கு "அண்ணன்". லயத்தில் உறவு இப்படித்தான் உண்டானது. அது இரத்த உறவைவிட மோசமாகவும் இல்லை, மேலாகவும் இல்லை.

ஒரு நாள் காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாருடைய பேரையும் கூப்பிட்ட கண்டாக்கையா, துரைக்குக் கீழே எங்களை வேலை வாங்குகிறவர், அப்பாவின் பேரை மட்டும் கூப்பிடவில்லை. அப்பா கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "சாமுவேலு, ஞாயித்துக்கெழம அட்டன்ல சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேக்குறியாமே. அங்கயே போயி வேல கேளு, குடுப்பாங்க" என்றாராம். கூட்டத்துக்குப் போகலாம் என்று அப்பா ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார். முந்தின நாள் பீலியில் குளிக்கும்போது, தண்ணீர் விழுகிற சத்தத்தில், மாரிமுத்து மாமாவிடம். பெரட்டில் மாமா தன் மண்வெட்டிப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று அம்மா சொன்னாள். அடுத்த வாரம் அவருக்கு மலையில் வெட்டு வேலை போய், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிழலில் நிற்கிற வேலை கிடைத்தது. அதற்குமேல் யாரும் சாட்சி தேடவில்லை.

கொழுந்து பொங்குகிற காலம். அம்மாவின் கை வேகமான கை. அதனால் அவளுடைய பேரை வெட்டாமல் வைத்தார்கள், காம்பிராவும் தப்பியது. அப்பா வேறு தோட்டம் தேடி நோர்வூட் பக்கம் போய்விட்டார். போனவரிடமிருந்து சேதி இல்லை. பேரோடு சேர்த்து அவருடைய பங்கு அரிசியையும் வெட்டினார்கள். தோட்டத்தில் பேர்ப்படி அரிசி அளந்து போடும் நாளில் அம்மா சாக்கை விரித்துப் பிடிக்கும்போது அதன் அடியில் மட்டும் கொஞ்சம் விழும். மீதி நாட்களுக்குக் கோதுமை மா ரொட்டி, அதுவும் மெல்லிசாக.

அம்மா பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். வாயை நிறுத்தவில்லை. முன்பு எனக்குக் கேட்கிற அளவில் படித்தவள், இப்போது சுவருக்கு மேலே தொண்டையைத் தூக்கிப் படித்தாள். காயீன் கதை, காட்டிக்கொடுத்த யூதாசின் கதை, சத்துருக்களைப் பதரைப்போலப் பறக்கடிக்கச் சொல்கிற சங்கீதம் என்று தேடித் தேடி எடுத்தாள். இவ்வளவு சத்தம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சத்தமாப் படிச்சாத்தான் பேய் ஓடும்" என்றாள். எந்தப் பேய் என்று எனக்கும் தெரியும், அந்தப் பேய்க்கும் தெரியும். செல்லம்மா அத்தை பதிலுக்குத் தன் கோழியைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கென்னடி, நீ வேதம் படிச்ச கோழி. முட்ட போடத் தெரியாது, கொக்கரிக்க மட்டும் தெரியும்" என்று அவள் கோழியைத் திட்டினால், அம்மாவின் சங்கீதம் இன்னும் ஒரு படி ஏறும். வேதத்தைச் சாடைக்குப் பயன்படுத்தியவர்கள் உலகத்தில் நிறையப் பேர், அம்மா அதில் கெட்டிக்காரி.

மாதம் ஒருமுறை வருகிற உபதேசியார் வந்தார். பொறுமையாக இரு, மன்னித்துவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். நல்ல மனுஷன், ஆனால் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்த மனுஷன். அம்மா அவரிடம், "கர்த்தரு பாத்துக்குவாரு ஐயா. அவரு பாத்துக்கிட்டு இருக்கையில அரிசி யாரு போடுவா?" என்று கேட்டாள். அவர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். எங்களை மன்னிக்கச் சொல்ல ஒரு புத்தகம் இருந்தது. அதே புத்தகம் துரை பங்களாவிலும் இருந்தது. அங்கே போய் அவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாரோ எனக்குத் தெரியாது.

மழைக்காலம் தொடங்கியபோது அம்மா யோசேப்பின் கதையை எடுத்தாள். எடுத்ததும் சாடைக்குத்தான். கூடப்பிறந்த அண்ணன்மாரே தம்பியைக் குழியில் தள்ளி, அந்நியனுக்கு விற்றுவிடுகிற கதை அல்லவா. தகப்பன் அவனுக்கு மட்டும் பல நிறத்தில் ஓர் அங்கி செய்து கொடுத்தான் என்று படித்துவிட்டு, "கலர் கலரா ஒரு கம்பளி" என்று எனக்குச் சொன்னாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு மலையேறுகிற கறுப்புக் கம்பளியைத் தவிர வேறு உடுப்பை நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன்மார் அந்தக் கம்பளியை இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் காட்டுகிற இடத்தை அம்மா இரண்டு முறை படித்தாள். அன்றைக்குக் கோழிக்குத் திட்டு விழவில்லை.

யோசேப்பு செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போனான். அங்கிருந்து விடுதலையான ஒருவன், வெளியே போய் உனக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனான். "மறந்துட்டான்" என்று அம்மா எனக்குச் சொல்லும்போது கண் விளக்கில் இல்லை, கதவில் இருந்தது. அடுத்த நாள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க வழியில்லை. அடுப்பு வெளிச்சத்தில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தோம். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரின் உச்சியில் திடீரென்று வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு கை தன் வீட்டுக் குப்பி விளக்கைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கியது. விளக்கு அவர்களுக்கும் எரிந்தது, எங்களுக்கும் எரிந்தது. அம்மா புத்தகத்தை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கோழியிடம் பேசுகிற அதே குரலில், ஆனால் கோழியிடம் அல்லாமல், செல்லம்மா அத்தை சொன்னாள்:

"படிக்கிறதுன்னா படிக்கட்டும். அந்த ஓசேப்புப் பய செறையிலயே கெடக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு புத்தகத்தை எடுத்துச் சுவருக்கு அடியில் தள்ளி உட்கார்ந்து, அவனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு விளக்கு தினமும் சுவரில் ஏறியது. ராஜா கண்ட கனவுக்கு யோசேப்பு அர்த்தம் சொன்னான். பஞ்சம் வந்தது. தானியக் களஞ்சியம் முழுவதும் அவன் கைக்கு வந்தது. அம்மா இதை எங்கள் பேச்சில், ஊருக்கே அரிசி போடுகிற வேலை அவனுக்குக் கிடைத்தது என்றாள். "அப்ப அவனும் கண்டாக்கையா ஆயிட்டானா? இனிமே திரும்பிப் பாக்க மாட்டான்" என்றாள் செல்லம்மா அத்தை சுவருக்கு அங்கிட்டிருந்து. அம்மாவின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன்.

பசி தாங்காமல் அந்த அண்ணன்மார் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து குனிந்து நின்றார்கள். யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அம்மா புத்தகத்தை மூடிவிட்டாள். அடுத்த நாள் விளக்கு ஏறியும் அவள் திறக்கவில்லை. நான் கேட்டதற்கு, "அப்பா வரட்டும், மிச்சத்த அப்பறம் படிக்கலாம்" என்றாள். பேர் வெட்டுப்பட்டது அப்பாவுக்கு, மன்னிக்கிறதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியதும் அவர்தான், அவருக்கு முன்னால் தான் முந்திக்கொள்ள முடியாது என்பது அவள் நியாயம். அந்த நியாயத்தில் தப்பில்லை. அப்பா உயிரோடு திரும்புவாரா என்பதே தெரியாமல் இருந்த ஒருத்திக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. சுவரில் விளக்கு சும்மா எரிந்தது.

அப்படி எத்தனை நாள் போனது என்று நினைவில்லை. ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் ஓர் ஆண் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் பேர் வெட்டுப்பட்ட நாளிலிருந்து எங்கள் காதில் விழாத குரல்.

"தங்கச்சி," என்றார் மாரிமுத்து மாமா. "அந்த அண்ணனுங்களுக்கு அவன் அரிசி போட்டானா?"

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அது கருகுகிற வரைக்கும் திருப்பவில்லை. பதில் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்; போட்டான். சாக்கு நிறையப் போட்டான். அதைச் சொல்லிவிட்டால் அம்மாவே மாமாவை மன்னித்துவிட்டதாக ஆகிவிடும், அதுதான் விஷயம்.

கடைசியில் அவள் சொன்னாள்: "செவுருக்கு அங்கிட்டு இருந்து கேட்டா எப்புடித் தெரியும்? நாளைக்கு இங்கிட்டு வந்து கேளுங்க அண்ணே. கதவு தெறந்துதான் இருக்கும்."

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். செல்லம்மா அத்தை விளக்கோடு வந்தாள். மாமா கதவோரம் சாக்கில் குந்தினார். யோசேப்பு தன்னை அடையாளம் காட்டி, வாய்விட்டு அழுகிற இடத்துக்கு அம்மா வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். அப்போது மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சொன்னேன் தங்கச்சி. கண்டாக்கையா கூப்புட்டுக் கேட்டாரு. எம் பேரும் போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"தெரியும்," என்றாள் அம்மா, பால் இல்லாத தேநீரை அவர் பக்கம் நகர்த்தி. "சாயத்தண்ணி ஆறுது, குடிங்க."

மாமா அதற்குப் பிறகு கண்டாக்கையாவிடம் போய்ச் சண்டை போட்டு அப்பாவின் பேரைத் திருப்பி எழுத வைத்தார் என்று முடித்தால் உபதேசியாருக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாமா மடுவத்தில்தான் நின்றார். அன்றைக்கு மாமா கண்ணிலும் அம்மா கண்ணிலும் தண்ணீர் வந்ததால் துரைக்கோ கண்டாக்கையாவுக்கோ ஒரு நஷ்டமும் இல்லை. மன்னிப்பு என்பது எங்களுக்குள்ளேயே நாங்கள் பங்கு வைத்துக்கொண்ட பொருள், மேலே இருந்தவர்கள் அதில் ஒரு துண்டும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா என்பது வேறு.

மழை முடியும்போது அப்பா வந்தார். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இடம் கிடைத்திருந்தது. இளைத்து, தாடியோடு, வேறு ஆள் மாதிரி இருந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ மன்னிச்சுட்ட. பேரு வெட்டுனது எனக்குல்ல?" என்றார். அம்மா அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். வசனம் எதையும் எடுக்கவில்லை.

நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமல் மாரிமுத்து மாமா உள்ளே வந்து எங்கள் அம்மிக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டார். லொறி நிற்கிற ரோட்டுக்கு லயத்திலிருந்து செங்குத்தான இறக்கம். அப்பா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். பின்னால் மாமா மூச்சு வாங்குகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பாதி வழியில், தேயிலை முடுக்குத் திரும்புகிற இடத்தில், அப்பா நின்றார். தோளைக் கொடுத்தார்.

"இங்கிட்டுக் குடு மச்சான். நீ கொஞ்சம் ஆறிக்க."

கல் தோள் மாறியது. நான் அதற்கப்புறம் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் அவ்வளவு கனம் இருந்ததில்லை.

செல்லம்மா அத்தையும் மாமாவும் பிற்காலத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் இந்த மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பழைய லயத்துக்குள் நுழைந்து பார்த்தேன். எங்கள் காம்பிராவில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். நடுச்சுவரைக் கல் வைத்துக் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தார்கள். நல்ல காரியம், ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. அந்த இடைவெளியை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் பழைய சுவர் முடிந்து புதுச் சீமெந்து தொடங்குகிற கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கின் கரி படிந்திருந்த இடத்தைப் பூசி மறைத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாள் அந்தப் பெண். ஏன் என்று கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு பேரும் வாசலுக்கு வந்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம்; வாசம் இப்போது கதவு வழியாக வந்தது. அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே, "நெத்தலிக் கருவாடு" என்றாள்.